குறிஞ்சின்னு போட்டீங்க, எந்தக் குறிஞ்சி?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொடைக்கானல் மேல்மலையில பூம்பாறை பக்கத்துல இருந்து எழுதுறேன். பூண்டு, உருளை, கேரட்டுன்னு ரெண்டு ஏக்கர்ல விவசாயம் எங்களுக்கு, உங்க பேப்பர் பஸ் ஏறி எங்க ஊருக்கு வந்து சேர பத்து பத்தரை ஆயிடும், அதுக்குள்ள நான் காட்டு வேலைக்குப் போயிருப்பேன், ஆனாலும் மத்தியானம் சாப்பிட உக்காரும்போது ஒரு பக்கம் விடாமப் படிச்சிடுவேன். போன வாரம் கலர்ல ஒரு பூ படம் பெருசாப் போட்டு, பன்னெண்டு வருஷத்துக்கு ஒருக்கா பூக்குற குறிஞ்சி கொடைக்கானல்ல பூத்தாச்சுன்னு தலைப்பு வச்சிருந்தீங்க. படத்தைப் பாத்ததுமே எனக்கு மனசு கேக்கல. அது குறிஞ்சிதான், இல்லன்னு சொல்லல. ஆனா பன்னெண்டு வருஷக் குறிஞ்சி அது இல்லீங்க.

நீலக்குறிஞ்சி எங்க மலையில 2006ல பூத்துச்சு, அப்புறம் 2018ல பூத்துச்சு, ரெண்டு தடவையும் கண்ணாரப் பாத்திருக்கேன். அங்கங்க ஒண்ணு ரெண்டு செடி முன்னப்பின்ன பூக்கும், ஆனா மலையே நீலமா மாறணும்னா இனி 2030 வரைக்கும் காத்திருக்கணும். அது வெட்டவெளிப் புல்வெளியில, வெயில் விழுற சரிவுல, இடுப்பு உயரப் புதரா கூட்டம் கூட்டமா நிக்கிற செடி. பூத்து, விதை விழுந்ததும் செடியே காஞ்சு செத்துப் போகும், அடுத்த தலைமுறை அந்த விதையில இருந்துதான் வரணும். நீங்க போட்ட படத்துல இருக்குறது சோலை ஓரத்து நிழல்ல, ஆள் உயரத்துக்கு மேல, வெளுத்த பூவோட தலை தொங்கி நிக்கிற செடி. ஸ்ட்ரோபிலாந்தஸ்னு ஒரு பேரினம், அதாவது கிட்டத்துச் சொந்தமான செடிங்க சேந்த கூட்டம், அதுக்குள்ள மேற்குத் தொடர்ச்சி மலையில மட்டும் டஜன் கணக்குல சிற்றினம், அதாவது தனித்தனி வகை, இருக்கு. நீலக்குறிஞ்சியோட முழுப்பேர் ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா. நம்ம மலை பேரையே வச்சிருக்குற ஸ்ட்ரோபிலாந்தஸ் புல்னேயென்சிஸ்னு ஒண்ணும் இருக்கு, பழனிமலையை வெள்ளைக்காரங்க புல்னின்னு எழுதுன காலத்துல வச்ச பேரு. சிலது வருஷா வருஷம் பூக்கும், சிலதுக்கு ஆறேழு வருஷம் ஆகும், சிலதுக்குப் பன்னெண்டு. எல்லாத்தையும் குறிஞ்சின்னு ஒரே வார்த்தையில சொல்லிட்டு, பன்னெண்டு வருஷக் கணக்கை மட்டும் எல்லாத்து தலையிலயும் கட்டிவிட்டா எப்படி? அந்தப் படத்தை நம்பி மதுரையில இருந்து வேன் புடிச்சு புள்ளகுட்டியோட வந்த ஒரு குடும்பம் எங்க ஊர் டீக்கடையில நின்னு, எங்க இருக்கு நீல மலைன்னு கேட்டாங்க, அவங்களுக்குப் பதில் சொல்ல எனக்குக் கஷ்டமா இருந்துச்சு.

ஆனா இந்த லெட்டரை எழுத வச்சது படம் இல்ல, அந்தச் செய்தியோட கடைசி வரிதான். விஞ்ஞானிங்க பேரை மாத்திக்கிட்டே இருப்பாங்க, பொதுமக்களுக்கு அதெல்லாம் தேவையில்லன்னு எழுதியிருந்தாரு உங்க நிருபர். நான் பி.எஸ்சி தாவரவியல் படிச்சவ, அதுக்கப்புறம் இருபத்தஞ்சு வருஷமா மண்ணுல நிக்கிறவ. அந்த வரியை என்னால அப்படியே விட முடியல. செடியையும் பிராணியையும் குடும்பம் குடும்பமாப் பிரிக்கிறது பேர் வைக்கிற விளையாட்டு இல்லீங்க. யாருக்கு யாரு சொந்தம்னு கண்டுபிடிக்கிற வேலை அது. நம்ம ஊர்ல ஒரு கல்யாணப் பேச்சு வந்தா முதல்ல என்ன பாக்குறோம்? ஆளோட முகத்தையா? எந்த வகையறா, பங்காளி முறையா மாமன் முறையான்னு கொடிவழியை நாலு தலைமுறை பின்னாடி போய்க் கேக்குறோம்ல. முகச்சாயல் ஒண்ணா இருக்குங்கிறதுக்காக யாரையும் பங்காளின்னு சொல்லிட மாட்டோம், சிவப்பு கருப்புன்னு நிறம் வேறயா இருக்குங்கிறதுக்காகக் கூடப் பொறந்தவனை அந்நியன்னும் சொல்லிட மாட்டோம். செடிகொடிக்கும் அதே கேள்விதான்.

குறிஞ்சியையே எடுத்துக்குவோம். குறிஞ்சியோட சொந்தக்காரங்க யாருன்னு உங்க வாசகருங்ககிட்டக் கேட்டா எத்தன பேர் சொல்லுவாங்கன்னு தெரியல, ஆனா அவங்க எல்லாரு வீட்டுலயும் அந்தச் சொந்தம் இருக்கு. தலையில வைக்கிற கனகாம்பரம், டிசம்பர் பூ, இருமலுக்குக் கஷாயம் வைக்கிற ஆடாதோடை, டெங்கு வந்தப்ப ஊரெல்லாம் குடிச்ச நிலவேம்பு, எல்லாம் குறிஞ்சிக்கு ஒரே குடும்பம், அக்காந்தேசின்னு பேரு. நிலவேம்புல வேம்புன்னு இருக்கு, ஆனா வேப்ப மரத்துக்கும் அதுக்கும் கசப்பு மட்டும்தான் ஒத்துமை. பூவோட நிறம் ஆரஞ்சு, ஊதா, வெள்ளைன்னு ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கும். சொந்தம் காயில இருக்கு. சின்ன வயசுல வத்தலக்குண்டுல எங்க அம்மா வீட்டு வேலியோரம் பட்டாசுக்காய்ச் செடி இருக்கும், ஊதாப் பூ பூக்கும், காஞ்ச காயை எச்சி தொட்டு உள்ளங்கையில வச்சு மூடிக்குவோம், ரெண்டு மூணு செகண்டுல டப்புன்னு வெடிச்சுக் கை கூசும். அதுவும் இதே குடும்பம்தான். வெடிச்ச காயோட ரெண்டு பாதியையும் எடுத்து வெளிச்சத்துல பாத்தீங்கன்னா உள்பக்கம் நகம் மாதிரி குட்டிக் குட்டி கொக்கி வரிசையா நிக்கும், ஒவ்வொரு விதையும் ஒரு கொக்கி மேல உக்காந்திருக்கும், காய் பொளக்குற வேகத்துல அந்தக் கொக்கி விதையைத் தூக்கி எறியும். கனகாம்பரக் காயைப் பிரிச்சாலும் அந்தக் கொக்கி இருக்கு, ஆடாதோடையிலயும் இருக்கு, குறிஞ்சியிலயும் இருக்கு. காலேஜ்ல முதல் வருஷம் லென்ஸ் வச்சு நான் அதைப் பாத்த அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. சின்னப் புள்ளையில கையில வெடிச்ச அதே காய்தான் மலையை நீலமாக்குற செடியோட சொந்தம்னா எப்படி இருக்கும் சொல்லுங்க.

இந்த வேலையை ஒழுங்கா ஆரம்பிச்சு வச்சவரு ஸ்வீடன்காரர் லின்னேயஸ். 1735ல முதல் புத்தகம், 1753ல செடிங்களுக்கு எல்லாம் ரெண்டு வார்த்தைப் பேரு, 1758ல பிராணிங்களுக்கு. அந்த ரெண்டு வார்த்தை முறைதான் இன்னைக்கும் உலகம் பூரா ஓடுது, முன்னாடி பேரினம், பின்னாடி சிற்றினம். ஆனா அவரு செடிங்களை எப்படிப் பிரிச்சாருன்னா, பூவுல எத்தன மகரந்தத்தாள் இருக்குன்னு எண்ணி. ரெண்டு இருந்தா ஒரு வகுப்பு, மூணு இருந்தா இன்னொரு வகுப்பு. எண்ணுறது சுலபம், யாரு வேணும்னாலும் செய்யலாம், அதனால அந்தக் காலத்துல அது பெரிய உதவி. ஆனா அந்தக் கணக்குல ஆடாதோடையில ரெண்டு தாள், மல்லிகையிலயும் ரெண்டு தாள், ரெண்டும் ஒரே வகுப்புல போய் உக்காந்துருச்சு. ஆடாதோடையோட கூடப்பொறந்த டிசம்பர் பூ நீளமும் குட்டையுமா தாள் இருக்குன்னு வேற வகுப்புக்குப் போயிருச்சு. அவருக்கே தெரியும் இது வசதிக்காகப் பண்ணது, உண்மையான சொந்தம் வேறன்னு. அப்புறம் 1859ல டார்வின் புத்தகம் வந்த பிறகுதான் சொந்தம்ங்கிற வார்த்தைக்கே நிஜமான அர்த்தம் வந்துச்சு, ஒரே மூதாதைகிட்ட இருந்து பிரிஞ்சு வந்ததுதான் ஒரே குடும்பம்னு. இப்ப டிஎன்ஏ பாத்து அந்தக் கொடிவழியை இன்னும் நல்லாப் படிக்க முடியுது. பேரு மாறுறதுக்குக் காரணம் இதுதான். பத்திரத்துல தப்பா எழுதியிருந்த தாத்தா பேரை, மூலப்பத்திரம் கிடைச்சதும் திருத்துறோம் பாருங்க, அந்த மாதிரி.

இதெல்லாம் படிச்சவங்க பேசுற பேச்சு, விவசாயிக்கு என்னன்னு கேப்பீங்க. எங்க கதையைச் சொல்றேன்.

ஏழெட்டு வருஷம் முந்தி, அந்தத் தடவை மழை விட்டபாடில்ல, காலையில பதினொரு மணி வரைக்கும் மூடுபனி கலையாது. உருளை நல்லா இடுப்பளவு வந்திருந்துச்சு. ஒரு நாள் காலையில பாத்தா கீழ் இலையோட ஓரத்துல எண்ணெய் சிந்துன மாதிரி ஒரு ஈரக் கறை, ரெண்டு நாள்ல அது கருத்துப் போச்சு, இலையைத் திருப்பிப் பாத்தா கறையைச் சுத்தி சுண்ணாம்பு தூவுன மாதிரி வெள்ளையா ஒரு பூப்பு. கருகல்தான்னு தெரிஞ்சு போச்சு. வீட்டுக்காரர் டவுனுக்குப் போய் ஒரு மருந்துக் கடையில இலையைக் காட்டிக் கேட்டிருக்காரு, கடைக்காரர் இது பூஞ்சை நோய்னு சொல்லி கார்பன்டாசிம் குடுத்து விட்டாரு. நானும் பூஞ்சைன்னுதான் நினைச்சேன், படிச்சதெல்லாம் அப்ப ஞாபகத்துக்கு வரல. ஒரு தடவை அடிச்சோம், நாலு நாள் கழிச்சு மறுபடி அடிச்சோம், கடன் வாங்கி அடிச்சோம். பத்தே நாள்ல காடு பூரா வெந்து விழுந்த மாதிரி ஆயிடுச்சு, தண்டெல்லாம் கருப்பு, காத்துல அந்த அழுகல் வாடை, மண்ணைக் கிளறிக் கிழங்கை எடுத்தா தோலுக்கு அடியில செம்மண் நிறத்துல வெந்து கிடக்குது. எங்க வீட்டுக்காரர் வரப்புல உக்காந்து எந்திரிக்கவே இல்ல.

அப்புறம் வேளாண்மைத் துறையில இருந்து ரிட்டயர் ஆன ஒரு பெரியவர் ஊருக்கு வந்தப்ப அவர்கிட்ட இதைச் சொன்னேன். அவரு கேட்ட முதல் கேள்வி, அது பூஞ்சைன்னு உனக்கு யாரும்மா சொன்னா? அந்த ஒரு கேள்வியில எனக்குக் காலேஜ் பாடம் எல்லாம் திரும்ப வந்துச்சு. உருளைக் கருகலுக்குக் காரணம் பைட்டோப்தோரா இன்பெஸ்டன்ஸ். நூல் நூலா வளரும், வெள்ளையாப் பூக்கும், பாக்க அசல் பூஞ்சை மாதிரியே இருக்கும், ரொம்ப காலம் விஞ்ஞானிங்களே அதைப் பூஞ்சையோடதான் வச்சிருந்தாங்க. ஆனா அதோட கொடிவழி வேற. பூஞ்சையோட செல் சுவர் கைட்டின்ல ஆனது, இறால் ஓடு நண்டு ஓடு எதுல ஆனதோ அதே சரக்கு. இதுக்கு செல்லுலோஸ், நம்ம பருத்தி எதுல ஆனதோ அது. இதோட வித்து வாலை ஆட்டிக்கிட்டுத் தண்ணியில நீந்தும், அதனாலதான் மூடுபனியும் ஈர இலையும் அதுக்குக் கொண்டாட்டம். டிஎன்ஏ பாத்தா இதுக்குச் சொந்தக்காரங்க கடல்ல இருக்குற பழுப்புப் பாசிங்க. பூஞ்சையோ அதுக்கு ரொம்ப ரொம்பத் தூரம், சொல்லப்போனா காளானும் பூஞ்சையும் செடிங்களைவிட நமக்குத்தான், அதாவது விலங்குக்குத்தான் கிட்டத்துச் சொந்தம். கார்பன்டாசிம் பூஞ்சையோட செல் பிரியுறதைத் தடுக்குற மருந்து, அது வேலை செய்யுற இடம் பைட்டோப்தோராவுல அதே மாதிரி இல்ல, அதனால எவ்வளவு அடிச்சாலும் அதுக்கு ஒண்ணும் ஆகாது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையை மழைக்கு முன்னாடியே அடிச்சிருந்தா தாக்குப் புடிச்சிருக்கும், இல்ல மெட்டலாக்சில் மாதிரி அந்த வகையறாவுக்குன்னே இருக்குற மருந்து கேட்டு வாங்கியிருக்கணும், அதையும் ஒண்ணையே திரும்பத் திரும்ப அடிக்கக் கூடாது, பழகிடும். 1845ல அயர்லாந்துல இதே கருகல் வந்துதான் பஞ்சம் ஆரம்பிச்சுச்சு, கிட்டத்தட்ட 10 லட்சம் பேர் செத்தாங்க. பைட்டோப்தோரான்னு பேர் வச்சது 1876ல, செடியை அழிக்கிறதுன்னு அர்த்தம். எங்களுக்கு அந்த வருஷம் போன காசு, ஒரு உயிரை எந்த வகையறான்னு தப்பா நினைச்சதால போன காசுங்க. விஞ்ஞானி பேர் வைக்கிறது நமக்கு எதுக்குன்னு கேட்டா எனக்கு ஏன் கோவம் வருதுன்னு இப்பப் புரியும்.

இதுலயே இன்னொண்ணு. அதே கருகல் தக்காளியிலயும் வரும். ஏன்னா தக்காளியும் உருளையும் ஒரே பேரினம், சொலானம். கத்தரி, சுண்டை, மணத்தக்காளி எல்லாம் அதே சொலானம். லின்னேயஸ் 1753லயே தக்காளியை சொலானத்துல வச்சாரு, அடுத்த வருஷமே மில்லர்னு ஒருத்தர் அதைப் பிரிச்சு லைகோபெர்சிகான்னு தனிக் குடித்தனம் வச்சிட்டாரு. நான் காலேஜ்ல படிச்சதும் லைகோபெர்சிகான்தான். அப்புறம் டிஎன்ஏ பாத்துட்டு, இல்ல இது சொலானத்துக்குள்ளதான், உருளைக்கு ரொம்பக் கிட்டன்னு திரும்பக் கொண்டுவந்து சேத்துட்டாங்க. பேரை மாத்திட்டாங்கன்னு நாம சலிச்சுக்குறோம், ஆனா அந்தக் கருகல் நோய் நூத்தம்பது வருஷத்துக்கு மேலா ரெண்டையும் ஒரே வீடாத்தான் பாத்துக்கிட்டு இருக்கு. உருளை வேர்ல கடுகைவிடச் சின்னதா மஞ்சள் மணி மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்குற நூற்புழு, இந்தியாவுலயே முதல்ல 1961ல ஊட்டிப் பக்கம்தான் கண்டுபிடிச்சாங்க, அதுவும் இதே வகையறாவைத்தான் தேடும். உருளைக்கு அப்புறம் தக்காளியோ கத்தரியோ போட்டா அதுக்கு விருந்து வச்ச மாதிரி, கேரட்டோ பூண்டோ போட்டா பட்டினி.

முட்டைக்கோஸ் கதையும் இப்படித்தான். கோஸ், காலிபிளவர், நூல்கோல், புரோக்கோலி நாலும் நாலு காய்னு மார்க்கெட்ல விலை வேற வேற. செடி ஒண்ணேதான், ஒரே சிற்றினம், பிராசிகா ஒலரேசியா. இலை மொக்கை உருட்டி வளத்தா கோஸ், பூவைப் பெருசாக்குனா காலிபிளவர், தண்டை வீங்க வச்சா நூல்கோல். கோஸ் எடுத்துட்டு காலிபிளவர் போட்டுட்டு பயிரை மாத்திட்டேன்னு எங்க ஊர்ல சொல்றவங்க இருக்காங்க. கோஸைத் தின்னுற புழுவுக்கு எந்த மாத்தமும் தெரியாது.

பிராணிங்க பக்கம் வருவோம். வரையாடு நம்ம மாநில விலங்கு. அதைப் பத்தி எழுதும்போதெல்லாம் காட்டு வெள்ளாடுன்னு எழுதுறீங்க, நான் ரெண்டு தடவை கவனிச்சேன். எரவிகுளத்துல ராஜமலை ரோட்டுல அது கைக்கெட்டுற தூரத்துல நின்னுச்சு, வயசான கிடா, முதுகுல சேணம் போட்ட மாதிரி வெள்ளி நிறம், கொம்பு பின்னாடி வளைஞ்சு, பாறை நிறக் கண்ணு. பாத்தா யாருக்குமே வெள்ளாடுன்னுதான் தோணும். விஞ்ஞானிங்களும் அப்படித்தான் நினைச்சாங்க, இமயமலையில தார்னு சொல்ற ஒரு ஆடு இருக்கு, அதோட கூடப்பொறந்ததுன்னு ஹெமிட்ராகஸ்ங்கிற ஒரே பேரினத்துல ரெண்டையும் வச்சிருந்தாங்க. 2005ல டிஎன்ஏ பாத்தாங்க. இமயமலை ஆடு வெள்ளாட்டுக்குக் கிட்டச் சொந்தம், நம்ம வரையாடு செம்மறிக்குக் கிட்டச் சொந்தம். அதனால நம்மதுக்குத் தனிப் பேரினம் வச்சாங்க, நீல்கிரிட்ராகஸ் ஹைலோகிரியஸ். உலகத்துல அந்தப் பேரினத்துல இருக்குற ஒரே ஒரு சிற்றினம் நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையில மட்டும்தான் இருக்கு. பேரை மாத்துன அன்னைக்குத்தான் அது எவ்வளவு தனியான உயிர்னு உலகத்துக்கே தெரிஞ்சுச்சு. இமயமலை ஆட்டோட கிளைன்னே விட்டிருந்தா, இது போனா என்ன, அங்க ஒண்ணு இருக்கேன்னு யாராவது சொல்லியிருப்பாங்க. ஆடுன்னு தமிழ்ல சொன்ன நம்ம முன்னோருங்க வெள்ளாட்டுக்கும் செம்மறிக்கும் பொதுவாத்தான் அந்த வார்த்தையை வச்சிருக்காங்க, அதனால வரையாடுன்னு எழுதுங்க, அது என்னைக்கும் தப்பாகாது. காட்டு வெள்ளாடுன்னு மட்டும் எழுதாதீங்க.

சோலைக்கிளியைப் பத்தியும் சொல்லணும். கிளி இல்ல அது, சோலைக்குள்ள தரையில தத்தித் தத்தி இரை பொறுக்குற கருநீலக் குருவி, விடிகாலையில அது விசிலடிக்கிறதைக் கேட்டுட்டு ஒரு நாளைத் தொடங்குனா அந்த நாளே நல்லா இருக்கும். எங்க மலையில இருக்குறதுக்கு வயிறு வெள்ளை, நீலகிரியில இருக்குறதுக்கு விலாவுல செம்பட்டை. நடுவுல பாலக்காட்டுக் கணவாய், முப்பது கிலோமீட்டருக்கு மேல அகலம், வெக்கையான தாழ்வு நிலம். குளிர்ச் சோலையை விட்டு வெளிய வராத குருவி அதைத் தாண்டாது. லட்சக்கணக்கான வருஷமா அந்தப் பக்கம் ஒரு குடும்பம், இந்தப் பக்கம் ஒரு குடும்பம்னு பிரிஞ்சு போச்சு. முன்னாடி இதை வேற நாட்டுக் குருவிங்களோட ஒரு பேரினத்துல, அப்புறம் இன்னொரு பேரினத்துலன்னு மாத்தி மாத்தி வச்சுப் பாத்தாங்க, எங்கயும் பொருந்தல. 2017ல டிஎன்ஏவை வச்சு இது இந்த மலைக்கே உரிய தனிக் கூட்டம்னு சொல்லி ஷோலிகோலான்னு புதுப் பேரினம் வச்சாங்க. ஷோலி எங்க இருந்து வந்துச்சு? நம்ம சோலைதான். சிரிப்பான் குருவிலயும் அதே வருஷம் அதே மாதிரி, பழனிமலைக்கு ஒண்ணு, நீலகிரிக்கு ஒண்ணு. இங்க ஒரு சோலையை வெட்டுனா அங்க இருக்குற குருவியை வச்சு ஈடு கட்ட முடியாதுங்கிறதை இதுக்கு மேல எப்படிங்க சொல்றது?

எல்லா மாத்தத்தையும் நான் கண்ணை மூடிக்கிட்டு ஏத்துக்குறேன்னு நினைச்சுடாதீங்க. ஒண்ணுல எனக்கு இன்னும் மனசு ஆறல. அகேசியான்னு ஒரு பேரினம், அந்தப் பேருக்கே அடையாளச் செடியா இருந்தது நம்ம கருவேலம். சொந்தம் ஆராய்ஞ்சு பாத்தப்ப அந்தப் பெரிய கூட்டத்தைப் பிரிக்க வேண்டியதாச்சு, அது சரி, அதுல தப்பு சொல்ல மாட்டேன். பிரிச்சா பழைய பேரு அடையாளச் செடி இருக்குற பக்கம் போகணும்ங்கிறதுதான் விதி. ஆனா ஆஸ்திரேலியாவுல அந்தக் கூட்டத்துல ஆயிரத்துக்குக் கிட்ட சிற்றினம் இருக்கு, அத்தனைக்கும் பேர் மாத்துறது கஷ்டம்னு சொல்லி 2005ல வியன்னாவுல நடந்த உலகத் தாவரவியல் மாநாட்டுல அடையாளச் செடியையே மாத்தி, 2011ல மெல்போர்ன்ல அதை உறுதி பண்ணிட்டாங்க. நம்ம கருவேலம் இப்ப வாச்செல்லியா. வெள்ளைக்காரன் கொண்டு வந்து நட்டு, எங்க புல்வெளியையும் ஊத்தையும் விழுங்கிக்கிட்டு இருக்குற வாட்டில், நாங்க சீகைன்னு சொல்றோமே அந்த மரம், அது இன்னும் அகேசியாவாவே இருக்கு. சொந்தம் கண்டுபிடிச்சது அறிவியல், பேரு யாருக்குன்னு முடிவு பண்ணது ஓட்டு. ரெண்டையும் பிரிச்சுப் பாக்கணும்னு நினைக்கிறேன். இதைப் பத்தி நம்ம தமிழ்ப் பேப்பர்ல அப்ப ரெண்டு வரி வந்திருந்தாக்கூட எனக்கு ஆறுதலா இருந்திருக்கும்.

என் பொண்ணு பதினொண்ணாவது படிக்கிறா. உலகம், தொகுதி, வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம்னு ராகம் போட்டு மனப்பாடம் பண்ணிக்கிட்டு இருந்தா, அஞ்சு மார்க் கேள்வியாம். ஜன்னலுக்கு வெளிய கேரட் பாத்தி, அதுல விதைக்கு விட்ட செடி ரெண்டு குடை விரிச்சு பூத்து நிக்குது. நான் அவளைக் கூட்டிட்டுப் போய் அந்தக் குடையைக் காட்டி, அடுப்படியில இருந்து கொத்தமல்லி, சீரகம், சோம்பு மூணையும் கையில குடுத்து மோந்து பாக்கச் சொன்னேன். எல்லாத்துக்கும் பூ இதே குடைதான், விதையிலயும் இதே மாதிரி வரி வரியா மேடு இருக்கும், அந்த மேட்டுக்கு நடுவுல எண்ணெய்க் குழாய் இருக்கும், வாசனை அதுல இருந்துதான் வருதுன்னு சொன்னேன். இது ஒரு குடும்பம்னா என்னன்னு அப்பத்தான் அவளுக்கு விளங்குச்சு. எங்க ஊருக்குத் தேன் கொண்டு வர்ற ஒரு பளியர் பாட்டிம்மா இருந்தாங்க, பள்ளிக்கூடமே போகாதவங்க. ஒரு செடியோட தண்டை ரெண்டு விரலுக்கு நடுவுல உருட்டிப் பாத்துட்டு, இது துளசிக்குத் தங்கச்சின்னு சொல்லுவாங்க. துளசி, புதினா, கற்பூரவள்ளி, இப்ப எங்க பக்கம் போடுற ரோஸ்மேரி எல்லாத்துக்கும் தண்டு உருண்டையா இருக்காது, நாலு மூலையா இருக்கும், விரலுக்குத் தெரியும். லத்தீன் பேரு அந்தப் பாட்டிக்குத் தெரியாது, ஆனா பாத்தது அதே சொந்தத்தைத்தான். செண்பகனூர்ல 1895ல ஆரம்பிச்ச மியூசியம் இருக்கு, இந்த மலையோட செடிங்களையே வாழ்க்கையா எடுத்துக்கிட்ட பாதிரியார் கே.எம். மேத்யூ 1999ல பழனிமலைத் தாவரங்களைப் பத்திப் பெரிய தொகுப்பே போட்டிருக்காரு. மலையில இவ்வளவும் இருக்கும்போது நம்ம புள்ளைங்க ஏழு வார்த்தையை மட்டும் ராகம் போட்டுக்கிட்டு இருக்குறதைப் பாக்கத் தாங்கலைங்க.

உங்ககிட்ட நான் கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல. செடியோ பறவையோ படம் போட்டா, தமிழ்ப் பேருக்குப் பக்கத்துல அந்த ரெண்டு வார்த்தைப் பேரையும் தமிழ் எழுத்துலயே போடுங்க. போடுறதுக்கு முன்னாடி தெரிஞ்சவங்க ஒருத்தர்கிட்ட படத்தைக் காட்டிக் கேளுங்க, கோயமுத்தூர்ல தாவர ஆராய்ச்சிக்காரங்க இருக்காங்க, எங்க மலைக் காலேஜ்கள்ல இருக்காங்க. வாரம் ஒரு செடி, அதோட சொந்தக்காரங்க யாருன்னு சின்னதா ஒரு பெட்டிச் செய்தி போட்டீங்கன்னா, உங்க பேப்பரை வெட்டி நோட்டுல ஒட்டுற முதல் ஆள் என் பொண்ணா இருப்பா.

இந்த லெட்டரோட ஒரு பொட்டலம் வச்சிருக்கேன். நீங்க படம் போட்ட அதே செடி எங்க பட்டா நிலத்து ஓரத்துலயும் நிக்குது, அதுல இருந்து ஒரு கிளையை எடுத்து, தாவரவியல்காரங்க செய்யுற மாதிரியே பேப்பர் மடிப்புல வச்சு, மேல பலகையும் கல்லும் ஏத்தி ஒரு வாரம் காய வச்சிருக்கேன். மடிப்பு உங்க பேப்பர்தான், தினமும் மாத்துனேன், இல்லன்னா பூசணம் புடிச்சுடும். காயும்போது பூ நிறம் போயிடும்ங்கிறதால என்ன நிறம்னு சீட்டுல எழுதியிருக்கேன், எடுத்த தேதி, இடம், சோலை ஓரம் நிழல், செடி ஆறடி உயரம், எல்லாம் இருக்கு. பழைய கதிர்ல முத்துன காய் நாலஞ்சு இருக்கும். கூடவே ஒரு சின்னக் கவர்ல வத்தலக்குண்டுல எங்க அம்மா வீட்டுக் கனகாம்பரத்தோட காஞ்ச காயும் வச்சிருக்கேன், அதை ஈரக் கையால தொடாதீங்க. ரெண்டு காயையும் நகத்தால பொளந்து வெள்ளைத் தாள்ல பக்கத்துல பக்கத்துல வச்சு உங்க நிருபரைக் கூப்பிட்டுக் காட்டுங்க, விதைக்கு அடியில அந்தக் கொக்கி ரெண்டுலயும் இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பூம்பாறை பக்கம், கொடைக்கானல் மேல்மலை.